மெடிக்கல் ஷாப் தொடங்கப் போகிறீர்களா? தமிழ்நாட்டில் லைசென்ஸ் எடுப்பதிலிருந்து கடையை நடத்துவது வரை

மெடிக்கல் ஷாப் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கடையைத்தான் பிடிக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுத்து, ரேக் அடித்து, போர்டுக்கும் சொல்லிவிட்டுத்தான் பார்மசிஸ்ட் தேடப் புறப்படுகிறார்கள். மாதக்கணக்கில் வாடகை வீணாவது இங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்ன உரிமையாளர், இன்ன இடத்தில், இன்ன பார்மசிஸ்டின் மேற்பார்வையில் மருந்து விற்கலாம் என்று மூன்றையும் சேர்த்துத்தான் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உரிமம் தருகிறது. இந்த மூன்றும் கையில் சேர்ந்த பிறகு விண்ணப்பித்தால் வேலை சிக்கலில்லாமல் நடக்கும். ஒன்றை அரைகுறையாக வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

இந்தத் தொழிலுக்கு அடிப்படை 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன் கீழ் வந்த 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளும். பார்மசிஸ்ட் பற்றி 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டம் சொல்கிறது. விலை பற்றி 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. தமிழ்நாட்டில் விற்பனை உரிமம் வழங்கும் அதிகாரம் அந்தந்த மண்டலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநரிடம் இருக்கிறது. கடைக்கு நேரில் வந்து பார்ப்பவர் மருந்து ஆய்வாளர். கடைக்காரர்கள் ‘டிரக் இன்ஸ்பெக்டர்’ என்று சொல்வது இவரைத்தான்.

முதலில் பார்மசிஸ்ட்

கடை முதலாளி பார்மசி படித்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கடையில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. டி.பார்ம். அல்லது பி.பார்ம். படித்தால் மட்டும் போதாது. தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்து, அந்தப் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழின் புதுப்பிப்புத் தேதியை முதல் நாளே பாருங்கள். காலாவதியான பதிவோடு போன விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவரானால் இங்கே பதிவை மாற்றி முடித்த பிறகே அவரை நம்பி மற்ற வேலைகளில் இறங்குங்கள்.

அவர் பெயர் வேறு எந்தக் கடையின் உரிமத்திலும் இருக்கக் கூடாது. பழைய கடையிலிருந்து விலகியவரானால், விலகல் கடிதத்தை அந்தக் கடைக்காரர் துறைக்கு அனுப்பிவிட்டாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆள் ஆறு மாதத்துக்கு முன்பே வேலையை விட்டிருப்பார். ஆனால் ஆவணத்தில் இன்னும் பழைய கடையிலேயே இருப்பார். புது விண்ணப்பங்கள் நின்றுபோகும் காரணங்களில் இது முக்கியமானது. தேவையானது ஒரே ஒரு கடிதம், ஆனால் அதைப் பெறப் பழைய முதலாளியின் பின்னால் அலைய நேரும்.

சான்றிதழை மட்டும் மாத வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். அதைச் செய்யாதீர்கள். பார்மசிஸ்ட் இல்லாத நேரத்தில் சீட்டு மருந்து (மருத்துவர் சீட்டின்பேரில் மட்டும் கொடுக்க வேண்டியது) விற்றதாக ஆய்வில் தெரிந்தால் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படலாம், ரத்தும் ஆகலாம். பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி அது தனிக் குற்றம் வேறு. சான்றிதழைக் கொடுத்தவரின் பதிவுக்கும் ஆபத்து. எல்லாவற்றையும்விட முக்கியம், கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் நோயாளி. 5 மில்லிகிராமுக்கும் 50 மில்லிகிராமுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவர் இந்தப் பக்கம் இருப்பதற்குத்தான் இந்த விதியே இருக்கிறது.

கடை காலை 9 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடினால் 13 மணி நேரம் ஆகிறது. ஒரே ஆள் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. இரண்டு பார்மசிஸ்டுகளை ஷிப்டில் போடுங்கள், அல்லது ஒருவரால் முடிகிற நேரத்துக்கு மட்டும் கடையைத் திறந்து வையுங்கள். இந்தக் கணக்கை வாடகை பேசுவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் மாதச் செலவில் வாடகைக்கு அடுத்த பெரிய தொகை பெரும்பாலும் இந்தச் சம்பளம்தான்.

இடம்: டேப் பிடித்து அளந்த பிறகு அட்வான்ஸ்

சில்லறை விற்பனைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் வேண்டும். சில்லறையும் மொத்த விற்பனையும் ஒரே இடத்தில் என்றால் 15 சதுர மீட்டர். 10 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 107.6 சதுர அடி. 8 அடிக்கு 12 அடி கடை பார்க்கத் தாராளமாகத் தெரியும். பெருக்கினால் 96 சதுர அடிதான், அதாவது 9 சதுர மீட்டருக்கும் குறைவு. 9க்கு 12 என்றால் 108 வந்து நூலிழையில் தப்பும். ஆனால் அளவு சுவருக்கு உள்பக்கம் எடுக்கப்படுவது. கட்டட உரிமையாளர் வெளிச்சுவரைச் சேர்த்து 108 சொல்லியிருந்தால் உள்ளே 100கூடத் தேறாது. தூண், கழிவறை, மாடிப்படிக்கு அடியில் குனிந்து போகும் மூலை எல்லாம் இடத்தைத் தின்னும். 120 சதுர அடிக்குக் குறைந்த கடையை எடுக்காமல் இருப்பது நிம்மதி.

கடைக்குத் தனி வாசல் வேண்டும். வீட்டுக்கூடத்தின் வழியே போகும் கடை, இன்னொரு கடைக்குள் தடுப்பு வைத்துப் பிரித்த இடம் போன்றவற்றில் ஆய்வின்போது கேள்வி வரும். தகரக் கூரையையும் தவிர்த்துவிடுங்கள். பெட்டியில் ‘30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்’ என்று அச்சிட்ட மருந்துகளை மே மாதத்தில் தகரத்துக்கு அடியில் வைத்தால், தேதி முடிவதற்கு முன்பே மருந்து கெட்டுப்போகும். ஏசி கட்டாயமா என்று பலர் கேட்கிறார்கள். பெட்டியில் சொன்ன வெப்பநிலையில் மருந்தை வைத்திருப்பதுதான் கட்டாயம். நம் ஊர் வெயிலில் ஏசி இல்லாமல் அது நடக்காது.

ஃபிரிட்ஜ் மருந்துக்கென்றே தனியாக இருக்க வேண்டும். இன்சுலின், தடுப்பூசி, சில கண் சொட்டு மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்து, காலையும் மாலையும் அளவைக் குறித்து வையுங்கள். இன்சுலினை ஃப்ரீசருக்குள்ளோ, பனி படியும் பின்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருக்கலாம், ஆனால் அதை நம்பிப் போட முடியாது. ஃபிரிட்ஜ் வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள், விண்ணப்பத்தோடு கேட்பார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மருந்து வைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி உரிமம் வேண்டும். கடையில் இடம் போதவில்லை என்று வீட்டுப் பரணிலோ பக்கத்து அறையிலோ நாலு அட்டைப்பெட்டி வைத்தால் அது உரிமம் இல்லாத கிடங்கு. கடையைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றினாலும் புது உரிமம்தான்.

எந்த உரிமம், எந்தப் படிவம்

சாதாரண மெடிக்கல் ஷாப்புக்கு இரண்டு உரிமங்கள் தேவை. 1945 விதிகளோடு இணைந்த பட்டியல்களைத்தான் ‘அட்டவணை’ என்கிறார்கள். படிவம் 20, அட்டவணை சி, சி(1), எக்ஸ் ஆகியவற்றில் சேராத மருந்துகளுக்கு. படிவம் 21, அட்டவணை சி, சி(1) மருந்துகளுக்கு. இன்சுலின், தடுப்பூசி, ஆன்டிபயாடிக் ஊசி மருந்துகள், வைட்டமின்கள், ஹார்மோன்கள் இந்த இரண்டாவது வகையில் வருவதால் 21 இல்லாமல் கடை நடத்தவே முடியாது. இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பிப்பது படிவம் 19இல். கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபாய், ஆக 3,000.

படிவம் 20எஃப், கெட்டமின் போன்ற அட்டவணை எக்ஸ் மருந்துகளுக்கானது. அதற்குத் தனி விண்ணப்பம், பூட்டிய அலமாரி, இரட்டைப் பிரதி மருந்துச் சீட்டு, அதில் ஒன்றை இரண்டு ஆண்டு வைத்திருப்பது என்று பொறுப்பு அதிகம். புதுக்கடைக்கு அது வேண்டாம். மொத்த விற்பனைக்கு 20பி, 21பி. அங்கே பார்மசிஸ்ட் இல்லாவிட்டாலும், பட்டம் பெற்று ஓராண்டு மருந்து வணிக அனுபவமோ, பத்தாம் வகுப்பு முடித்து நான்காண்டு அனுபவமோ உள்ளவர் பொறுப்பில் இருக்கலாம். இந்தச் சலுகை சில்லறைக் கடைக்கும் உண்டு என்று சில ஏஜென்டுகள் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள்.

விண்ணப்பத்தோடு வழக்கமாகக் கேட்கப்படுபவை:

- கட்டணம் செலுத்திய சலான்
- வாடகை ஒப்பந்தம், அல்லது சொந்த இடமானால் பத்திர நகல். சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது
- நீள அகலத்தோடு கடையின் வரைபடம்
- உரிமையாளரின் அடையாள ஆவணங்கள். கூட்டு நிறுவனமானால் பங்குதாரர் ஒப்பந்தம்
- பார்மசிஸ்டின் கல்விச் சான்றிதழ், கவுன்சில் பதிவு, நியமனக் கடிதம், முழுநேரமும் இங்கே வேலை செய்வதாக அவர் தரும் உறுதிமொழி
- ஃபிரிட்ஜ் பில்

பெரும்பாலான திருத்தங்கள் சின்னச் சின்ன முரண்களால் வருபவை. வாடகை ஒப்பந்தத்தில் பழைய கதவு எண், வரி ரசீதில் புதிய எண். மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில். ஆதாரில் இன்ஷியல் முன்னால், பதிவுச் சான்றிதழில் பின்னால். எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, பெயரையும் முகவரியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட ஒரு மாலைப்பொழுது போதும். வாடகை ஒப்பந்தத்தில் ‘மருந்து விற்பனைக்காக’ என்ற சொற்கள் இருக்கட்டும்.

ஆய்வு நாள்

ஆய்வாளர் வரும்போது உரிமையாளரும் பார்மசிஸ்டும் அசல் சான்றிதழ்களோடு கடையில் இருக்க வேண்டும். அவர் டேப் வைத்து அளப்பார், வரைபடத்தோடு ஒப்பிடுவார், ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்ப்பார், ரேக், கவுன்டர், பூட்டு எல்லாவற்றையும் பார்ப்பார். பார்மசிஸ்டிடம் நேரில் கேள்வி கேட்பார்: முன்பு எங்கே வேலை, வீடு எங்கே, எச்1 பதிவேட்டில் (அட்டவணை எச்1இல் உள்ள சீட்டு மருந்துகளின் விற்பனையை எழுதும் தனிப் பதிவேடு) என்னென்ன எழுதுவீர்கள் என்று. வெளியூரில் குடியிருந்து தினமும் வருவதாகச் சொல்பவர் இங்கே தடுமாறுவார்.

அன்று ரேக்குகள் காலியாக இருக்க வேண்டும். உரிமம் வருவதற்கு முன் விற்பனைக்காக மருந்தை வாங்கி வைப்பதே 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18(சி) பிரிவின்படி குற்றம். உரிமம் இல்லாமல் விற்றால், 27(பி)(ii) பிரிவின்படி மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறை. அபராதம் ஒரு லட்சம் ரூபாய் அல்லது பறிமுதல் செய்த மருந்தின் மதிப்பில் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதற்குக் குறையாமல். திறப்பு விழாவுக்கு முகூர்த்த நாள் குறித்து, பத்திரிகை அடித்து, சரக்கும் இறக்கிவிட்டு உரிமத்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. உரிமம் கையில் வந்த பிறகு நாள் பாருங்கள். வாடகை பேசும்போதே, உரிமம் வரும் வரை பாதி வாடகை என்று கேட்டுப் பார்க்கலாம். பல உரிமையாளர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

போர்டும் மற்றப் பதிவுகளும்

பெயர்ப்பலகையில் ‘பார்மசி’ என்று போடும் முன் 1945 மருந்து விதிகளில் விதி 65(15)ஐப் பாருங்கள். மருந்து கலந்து தயாரித்துக் கொடுக்கும் வசதியும், அட்டவணை ‘என்’ (N) சொல்லும் கருவிகளும் உள்ள கடைக்கே அந்தப் பெயர் உரியது. பார்மசிஸ்டை வைத்துத் தயார் மருந்துகளை மட்டும் விற்கும் கடை ‘கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரகிஸ்ட்ஸ்’ என்ற வகையில் வருகிறது. தமிழில் ‘மெடிக்கல்ஸ்’, ‘மருந்தகம்’ என்று வைத்தால் குழப்பம் குறைவு. பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி எழுத்துகளின் அளவு 5:3:2 என்பது தமிழ்நாட்டு விதி.

உள்ளாட்சியின் தொழில் உரிமம் தனியாக எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 5 சதவீதம், சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. பில்லிங் மென்பொருளில் பழைய 12 சதவீதம் இன்னும் உட்கார்ந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். புரோட்டீன் பவுடர், ஊட்டச்சத்து மாத்திரை, குழந்தை உணவு விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். குழந்தைப் பால்பவுடர் டின்னுக்கு விளம்பரமோ இலவசமோ கூடாது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ‘ஒன்று வாங்கினால் பொம்மை இலவசம்’ என்று கம்பெனிக்காரர் கொண்டுவரும் அட்டையை மாட்டாதீர்கள்.

போதைக்குப் பயன்படும் மாத்திரைகள் பிரச்சினையால், பல மாவட்டங்களில் எச், எச்1, எக்ஸ் அட்டவணைகளில் உள்ள மருந்து விற்கும் கடைகளில் சிசிடிவி கேமரா வைக்க ஆட்சியர்கள் உத்தரவிட்டிருக்கிறார்கள். உங்கள் மாவட்ட உத்தரவைக் கேட்டு, கேமராவைக் கவுன்டரைப் பார்த்து வையுங்கள்.

கடை திறந்த பிறகு தினமும் பார்க்க வேண்டியவை

உரிமத்தின் அசல், வருபவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். பார்மசிஸ்ட் வெள்ளைக் கோட்டும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜும் அணிய வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு பார்மசி நடைமுறை விதி. ஆய்வுப் புத்தகம் படிவம் 35இல் இருக்க வேண்டும்; ஆய்வாளர் தன் குறிப்புகளை எழுதுவது அதில்தான்.

எச், எச்1, எக்ஸ் மூன்றும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. எச்1 பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின், அல்பிரசோலம், சோல்பிடெம், டிரமடால், கோடீன், காசநோய் மருந்துகள் என்று தினசரி கைக்கு வருபவை இதில் நிறைய. விற்கும் அந்த நேரத்திலேயே தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கும்: தேதி, பில் எண், மருத்துவர் பெயரும் முகவரியும், நோயாளி பெயர், ‘செஃபிக்சிம் 200 — 10 மாத்திரை’, பார்மசிஸ்ட் கையெழுத்து. இதில் மருத்துவர் விவரம், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவை விதியே கேட்பவை. தேதியும் பில் எண்ணும் இருந்தால் கணக்கு ஒத்துப்போகும். மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் மொத்தமாக எழுதிய பதிவேடு பார்த்தவுடனே தெரிந்துவிடும். வாங்கிய அளவிலிருந்து இருப்பைக் கழித்து, பதிவேட்டில் உள்ள விற்பனையோடு ஒப்பிடுவது ஆய்வாளருக்கு ஐந்து நிமிட வேலை.

காசநோய் மருந்து கொடுத்தால் அந்த நோயாளியின் விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2018 மார்ச் முதல் மருந்துக்கடைக்கும் கட்டாயம். கருக்கலைப்பு மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் கொடுப்பது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். உயிரே போகக்கூடிய விஷயம் அது.

சீட்டில் எழுதிய எச், எக்ஸ் மருந்துக்குப் பதிலாக ‘அதே மருந்துதான், வேற கம்பெனி’ என்று நீங்களாக மாற்றிக் கொடுக்க விதி 65(11ஏ) அனுமதிக்கவில்லை. மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். சீட்டில் மறுபடி கொடுக்கலாம் என்று எழுதியிருந்தால் தவிர, ஒருமுறை கொடுத்த சீட்டுக்கு மறுமுறை கொடுக்கக் கூடாது. கொடுத்ததும் சீட்டில் கடை முத்திரையும் தேதியும் போட்டுவிடுங்கள்.

மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது பேட்ச் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) காலாவதித் தேதியும் இருக்கும் ஓரம் கடைசி வரை அட்டையோடு இருக்கட்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். வாங்குபவருக்குத் தேதி தெரியும்படி பில்லில் பேட்சும் காலாவதியும் வர வேண்டும். உதிரியாக விற்றாலும் அட்டையின் அதிகபட்ச விலையை மாத்திரைக் கணக்கில் பிரித்தால் வரும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது.

கொள்முதல் பில்தான் கடைக்காரருக்குக் கவசம். உங்கள் கடையில் எடுத்த மாதிரி தரமற்றது என்று ஆய்வகம் சொன்னாலும், உரிமம் உள்ளவரிடம் வாங்கினீர்கள், முறையாகச் சேமித்தீர்கள், வாங்கியபடியே பிரிக்காமல் வைத்திருந்தீர்கள், குறை இருப்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை என்று நிரூபித்தால், 19(3) பிரிவு உங்களைக் காக்கும். நிரூபிக்க பில் வேண்டும், அதில் விற்றவரின் உரிம எண், பேட்ச், காலாவதி எல்லாம் இருக்க வேண்டும். யாரிடம் வாங்கினீர்கள் என்று சொல்ல முடியாமல் நிற்பது 18ஏ பிரிவின்படி தனிக் குற்றம். பைக்கில் பையோடு வந்து, பில் இல்லாமல் 30 சதவீதம் தள்ளுபடி என்று சொல்பவரிடம் ஒரு அட்டைகூட வாங்காதீர்கள். பில்களைத் தேதி வரிசையில் கோப்பிட்டு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருங்கள். சரக்கு இறங்கும்போதே பெட்டியையும் பில்லையும் ஒப்பிடுங்கள். பேட்ச் எண் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அன்றே ஸ்டாக்கிஸ்டிடம் (மொத்த விற்பனையாளரிடம்) திருத்தி வாங்குங்கள். 2023 ஆகஸ்ட் 1க்குப் பிறகு தயாரான 300 பிரபல பிராண்டுகளின் பெட்டியில் க்யூஆர் கோடு இருக்கும். சந்தேகம் வந்தால் ஸ்கேன் செய்து பார்க்கலாம்.

ஆய்வாளர் மாதிரி எடுத்தால் படிவம் 17 தருவார், விலையும் தருவார். மாதிரியை நான்காகப் பிரித்து ஒரு பங்கை உங்களிடமே விடுவார். அதை முத்திரை உடையாமல், சரியான வெப்பநிலையில், வழக்கு முடியும் வரை வையுங்கள்.

காலாவதியான மருந்துக்கு ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதிய தனிப்பெட்டி வையுங்கள். விற்கும் ரேக்கில் ஒரே ஒரு பாட்டில் இருந்தாலும் விற்பனைக்கு வைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். மாதத்தின் முதல் வாரத்தில் அடுத்த மூன்று மாதத்தில் முடியப்போகும் சரக்கைப் பிரித்து ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்புங்கள். மருத்துவர்களுக்கான இலவச மாதிரியும், அரசு மருத்துவமனைச் சரக்கும் கடைக்குள் இருக்கவே கூடாது, சொந்த உபயோகத்துக்கு என்று சொன்னாலும் எடுபடாது. கால்நடை மருந்து விற்றால் தனி ரேக்.

மாற்றம் வந்தால்

பார்மசிஸ்ட் மாறினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். புதியவர் வரும் வரை சீட்டு மருந்து விற்பனையை நிறுத்துங்கள். பங்குதாரர் சேர்ந்தாலோ விலகினாலோ, தனி உரிமையாளர் இறந்து மகன் பெயருக்கு மாறினாலோ, பழைய உரிமம் அதிகபட்சம் மூன்று மாதம் செல்லும். அதற்குள் புது உரிமம் எடுத்தாக வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டுவிடுகின்றன. குடும்பக் கடைகளில் இதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

2017 அக்டோபர் திருத்தத்துக்குப் பிறகு உரிமத்தைப் புதுப்பிக்கும் முறை இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டினால் உரிமம் தொடரும். தேதி தவறினால் மாதத்துக்கு 2 சதவீதம் தாமதக் கட்டணத்தோடு ஆறு மாதம் வரை கட்டலாம். அதற்குப் பிறகு உரிமம் ரத்தானதாகவே கருதப்படும். அதற்குமேல் விற்கும் ஒவ்வொரு மாத்திரையும் உரிமம் இல்லாமல் விற்றதாகவே கணக்கு. உரிமம் ரத்து அல்லது நிறுத்தம் என்று உத்தரவு வந்தால் மூன்று மாதத்துக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முன் வரும் விளக்கம் கேட்கும் நோட்டீசுக்குப் பதில் எழுதாமல் விட்டுவிடுவதுதான் பல கடைகளைக் கவிழ்க்கிறது. ஒவ்வொரு குறைக்கும் என்ன திருத்தம் செய்தீர்கள் என்று ஆவணத்தோடு, குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள்.

கடையை மூடுவதானால் மீதிச் சரக்கைப் பில்லோடு ஸ்டாக்கிஸ்டுகளுக்குத் திருப்பி, அசல் உரிமங்களைக் கடிதத்தோடு உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள். பார்மசிஸ்டுக்கு விடுவிப்புக் கடிதத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.